நெருப்பக்காவின் வீட்டுக்காரர் ஓவன் பார்க்கப் போனது

எரிய மறுக்கும் ஓவன்களை எரியவைப்பதுதான் பதினாறு வருடங்களாக அவள் தொழில். ஹோட்டல், பேக்கரி, ஆஸ்பத்திரிச் சமையல்கூடம், கல்லூரி விடுதி என்று எங்கே ஒரு பெரிய கேஸ் ஓவன் முரண்டு பிடித்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். எல்லோருக்கும் அவள் நெருப்பக்கா. இத்தனை வருடத்தில் அவள் உடம்பில் ஒரு சின்னச் சூடு பட்டதில்லை. ஆனால் கால் ஒடிந்தது, அதுவும் சொந்தக் கணவரின் தையல் கடையில், ஒரு லைனிங் துணி மூட்டை தடுக்கி.

"ஓரமாத்தான் வச்சிருந்தேன்" என்று டெய்லர் இருபதாவது தடவையாகச் சொன்னார்.

"ஓரமா வச்ச மூட்டை எப்படிங்க நடு வாசல்ல வந்து படுத்துச்சு?"

அந்தக் குற்றத்துக்காக மூன்று வாரமாக அவள் சொன்னதையெல்லாம் அவர் செய்துகொண்டிருந்தார். காபி போட்டார், துணி துவைத்தார், மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று அவள் கத்தும்போதெல்லாம் பின்னல் ஊசியோடு ஓடிவந்தார். காபி போடுவதிலும் ஒரு சங்கடம் இருந்தது. டெய்லருக்கு நெருப்பென்றால் பயம். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையை மட்டும் நீட்டி, கண்ணை மூடிக்கொள்வார். இப்படி ஒருத்தர் நெருப்பக்காவுக்கு எப்படிப் புருஷனாக வாய்த்தார் என்று தெருவில் எல்லோருக்கும் ஆச்சரியம். அவளுக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் போன் அடித்தது. பேக்கரி முதலாளியம்மா.

"அக்கா, ஓவன் பத்த மாட்டேங்குது. டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, அப்புறம் சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுடுது. இன்னைக்கு ஸ்கூல்ல விளையாட்டு விழா. அறுநூறு பன் மூணு மணிக்குள்ள குடுக்கணும். மாவு பிசைஞ்சு வச்சாச்சு, அது பொங்கிக்கிட்டே இருக்கு. மாஸ்டர் அழறாரு."

"கால் உடைஞ்சு கிடக்கிறேனே அம்மா. இன்னொரு மெக்கானிக் நம்பர் குடுத்தேனே?"

"அவரு வெளியூர்ல இருக்காராம், நாளன்னைக்குத்தான் வருவாராம். நாளன்னைக்குள்ள இந்த மாவு சுவரை இடிச்சுக்கிட்டு தெருவுக்கு வந்துடும் அக்கா!"

நெருப்பக்கா கண்ணை மூடி யோசித்தாள். அந்த ஓவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஒரு பர்னர், மூன்றுக்கும் சேர்த்துப் பக்கவாட்டில் ஒரே கண்ட்ரோல் பெட்டி; ஒன்று முரண்டு பிடித்தாலும் அது மூன்றையும் நிறுத்திவிடும். போன வருடம் அவள் கையால் சுத்தம் பண்ணியது. அவளுடைய மூளை இங்கே கட்டிலில் இருக்கிறது, கண்ணுக்குப் போன் போதும். தேவைப்படுவது இரண்டு கைகள் மட்டும்தான். கண்ணைத் திறந்தாள். எதிரே டெய்லர், ஒரு சட்டையின் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பொறுமையான, நிதானமான, அழகான பத்து விரல்கள்.

டெய்லர் தலை நிமிர்ந்தார். அவள் பார்வையைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார், அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்பே.

"கேஸ் குழாயைத் தொட விடமாட்டேங்க. அது லைசென்ஸ் இருக்கிறவங்க வேலை. கேஸ்ல கோளாறுன்னு தெரிஞ்சா அப்படியே திரும்பி வந்துடுங்க. இது பொறி வர்ற பக்கம் மட்டும்தான். வயரு, ஸ்க்ரூ, அவ்வளவுதான்."

"எனக்கு வயரும் தெரியாது, ஸ்க்ரூவும் தெரியாது."

"எனக்குத் தெரியும். நான் சொல்றதை மட்டும் செய்யுங்க."

"நான் எதுக்கு…"

அவள் மெதுவாகப் போர்வையை விலக்கி, மாவுக்கட்டுப் போட்ட காலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

டெய்லர் காஜா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்தார்.

*

பேக்கரிச் சமையல்கூடத்துக்குள் அவர் நுழைந்தபோது உள்ளே இருந்த எட்டுப் பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெருப்பக்கா வந்தால் வாசலிலேயே சத்தம் வந்துவிடும். வந்ததோ ஓர் ஒல்லியான மனிதர். கழுத்தில் அளவு டேப்பைக் கழற்ற மறந்து தொங்கவிட்டுக்கொண்டு, கருவிப் பையை ஏதோ கடிக்கிற நாயைப்போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க?" என்றார் மாஸ்டர். தலைமை ரொட்டிக்காரர். பெரிய உடம்பு, பெரிய மீசை, சிவந்த கண்.

"நெருப்பக்கா வீட்டுக்காரர்."

"ஓ! நீங்களும் மெக்கானிக்கா?"

"டெய்லர்."

பிஸ்கட் வெட்டிக்கொண்டிருந்த பெண் கையை வாயில் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் போய் மாவுத் தொட்டியைத் திறந்து, பொங்கி நின்ற மாவை இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தி அமுக்கினார். காலையிலிருந்து அவர் செய்துகொண்டிருந்த வேலை அது. மாவு 'புஸ்' என்று அடங்கியது. மறுபடி எழப் பத்து நிமிடம்கூட ஆகாது.

டெய்லர் போனில் வீடியோ போட்டு, கேமரா வெளியே தெரிகிற மாதிரி சட்டைப் பையில் செருகி, விழாமல் இருக்க இரண்டு ஊக்குக் குத்தினார். ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார். இனி நெருப்பக்கா பேசுவது கூடம் முழுக்கக் கேட்கும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

"என்னங்க, எனக்கு மாஸ்டர் மீசையும் கூரையும்தான் தெரியுது. கொஞ்சம் குனியுங்க. இப்போ நேரா நில்லுங்க. மூச்சை இழுத்து விடுங்க. கேஸ் வாடை அடிக்குதா?"

டெய்லர் முகர்ந்தார். "ஈஸ்ட் வாடை. வெண்ணெய் வாடை. மாஸ்டர் போட்டிருக்கிற சென்ட் வாடை."

"கேஸ்?"

"இல்ல."

"நல்லது. மாஸ்டர், கேஸ் வால்வை நீங்களே மூடுங்க. கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நிக்கணும். மூடிட்டு எனக்குக் காட்டுங்க."

மாஸ்டர் மூடினார். டெய்லர் நெஞ்சைக் கொண்டுபோய் வால்வுக்கு முன்னால் காட்டினார். மஞ்சள் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றது. ஜன்னல்களைத் திறந்துவைத்து ஐந்து நிமிடம் எல்லோரும் சும்மா நிற்கவேண்டும் என்றாள் நெருப்பக்கா. நின்றார்கள். மாஸ்டர் மட்டும் ஒருமுறை போய் மாவைக் குத்திவிட்டு வந்தார்.

"இப்போ கருப்புப் பட்டனை அமுக்குங்க. சத்தத்தை நான் கேட்கணும். கேஸ் இல்ல, எதுவும் எரியாது, பயப்படாதீங்க."

டெய்லர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். ஒரு கையை மட்டும் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏங்க, வீடியோல ஜன்னல் எதுக்கு?"

கூடத்தில் முதல் சிரிப்பு வெடித்தது. டெய்லர் அவசரமாகத் திரும்பிப் பட்டனை அமுக்கினார். டிக், டிக், டிக், டிக். சில வினாடி அடித்துவிட்டு 'டக்' என்று நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னொரு தடவை. போனைக் கிட்ட கொண்டு போங்க" என்றாள். மறுபடி டிக் டிக். "இந்தச் சத்தம் சரியில்ல. நல்ல பொறின்னா சுள்ளுனு கேட்கும், சாட்டை சொடுக்கின மாதிரி. இது என்னமோ போர்வைக்குள்ள இருந்து இருமற மாதிரி கேட்குது. பொறி வருது, ஆனா வரவேண்டிய இடத்துல வரல. வேற எங்கேயோ திருட்டுத்தனமா ஓடுது. அது எங்கேன்னு கண்ணால பார்க்கணும். லைட்டை அணைங்க."

அணைத்தார்கள். ஆனால் நான்கு பெரிய ஜன்னல்கள். காலை வெயில் கூடத்தை நிறைத்துக்கொண்டிருந்தது. ஓவனுக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"இருட்டு பத்தல" என்றார் டெய்லர்.

"துணி எதாவது இருக்கா?"

துணி என்ற சொல்லைக் கேட்டதும் டெய்லர் வேறு ஆளாகிவிட்டார். பார்த்தவர்கள் பிறகு அப்படித்தான் சொன்னார்கள். கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. ரொட்டி மாவை மூடிவைக்கும் தடித்த கான்வாஸ் துணிகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெட்டை நூல். அருமையான துணி. ரெண்டு மடிப்புப் போட்டா ஒரு பொட்டு வெளிச்சம் வராது. யாருங்க அங்க, நீங்க இந்த முனையைப் பிடிங்க. அகலத்துல பிடிக்காதீங்க, நீளத்துல! மாஸ்டர், நீங்க உயரம், நடுவுல நில்லுங்க. அம்மா, உங்க பக்கம் தொங்குது பாருங்க, ரெண்டு இஞ்சு தூக்குங்க."

முதலாளியம்மா மறுபேச்சில்லாமல் இரண்டு அங்குலம் தூக்கினாள். மூன்று நிமிடத்தில் ஓவனைச் சுற்றி ஒரு கூடாரம் எழுந்துவிட்டது. ஊக்குகள் போதாததால் பிஸ்கட் பெண் தன் கொண்டை ஊசிகளைக் கழற்றிக் கொடுத்தாள். கூடாரத்துக்குள் டெய்லரும் மாஸ்டரும் தலையை நுழைத்தார்கள். கும்மிருட்டு. மாஸ்டரின் சென்ட் மூக்கைத் துளைத்தது.

"பர்னர் முன்னாடி ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். வெள்ளைப் பீங்கான் குழலுக்குள்ள இருந்து வரும். அதுக்குப் பேரு எலெக்ட்ரோடு. கம்பியோட நுனியில இருந்து பர்னருக்கு நீலமா பொறி தாவணும். மாஸ்டர் பட்டனை அமுக்கட்டும், நீங்க கண்ணை மட்டும் வச்சுப் பாருங்க. கண்ணை மட்டும்! கை வைக்காதீங்க, என்னங்க, கேட்குதா? கை வைக்காதீங்க!"

"கேட்குது, கேட்குது."

மாஸ்டர் அமுக்கினார். டிக்.

டெய்லர் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை. கம்பி நுனியில் ஒன்றுமே இல்லை. ஆனால் கீழே, பீங்கானின் இடுப்பில், இரும்புப் பிடிக்குப் பக்கத்தில், ஒரு குட்டி நீலப் புழு துள்ளியது. டிக். மறுபடி துள்ளியது. டிக். டிக்.

"பார்த்துட்டேன்!" என்று கத்தினார். "நுனியில இல்லம்மா! இடுப்புல! இதோ, இங்க!"

'இங்க' என்று சொல்லும்போது விரலை நீட்டிவிட்டார்.

புழு, இரும்பை விட்டுவிட்டு, விரலுக்குத் தாவியது.

அதன் பிறகு நடந்ததைக் கூடத்தில் இருந்த எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொல்வார்கள். டெய்லர் அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தார். பின்னால் இருந்த மாஸ்டர் விழுந்தார். மாஸ்டர் விழுந்ததில் கூடாரம் விழுந்தது. துணியைப் பிடித்திருந்தவர்கள் யாரும் கையை விடாததால் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அதன் மேல் விழுந்தார்கள். துணியில் ஒட்டியிருந்த மைதா முழுவதும் கிளம்பி வெள்ளைப் புகையாகக் கூடத்தை நிறைத்தது.

வீட்டில், கட்டிலில், நெருப்பக்காவின் போனில் வார்த்தை புரியாத ஓர் அலறல் கேட்டது. பிறகு தடார் தடார் என்று சத்தம். பிறகு ஒரே கருப்பு.

"என்னங்க? என்னங்க!" பதில் இல்லை. மாவுக்கட்டுக் காலோடு எழுந்து நின்றேவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வாசல் வரைக்கும் போனாள். "ஐயோ, யாராவது பேசுங்களேன்! அவருக்கு என்ன ஆச்சு?"

துணிக் குவியலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மயங்கிப்போன மாதிரி இல்லை. ஏதோ பரிசு விழுந்த மாதிரி இருந்தது.

"நீலம்மா! என்ன நீலம் தெரியுமா? மயில் நீலம் இல்ல, கடல் நீலம் இல்ல. பட்டுல ஊதா நூலு ஊடுபாவா ஓடினா ஒரு நீலம் வருமே, அது! கடையில இருக்கிற எந்தத் துணியிலயும் இந்த நீலம் கிடையாது!"

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். விரலு மட்டும் ஜிவ்வுங்குது."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. "கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? யோவ், உனக்குக் காதே கிடையாதாய்யா?"

கூடத்தில் எல்லோரும் கீழே கிடந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் பெண்தான் முகத்து மாவைத் துடைத்துக்கொண்டு போன் பக்கம் எட்டிச் சொன்னாள்: "அக்கா, திட்டாதீங்க. எங்க மாஸ்டரா இருந்தா 'அம்மா'ன்னுதான் கத்தியிருப்பாரு. இவரு உங்க பேரைச் சொல்லிக் கத்தினாரு."

நெருப்பக்கா அந்தக் கதவிலேயே சாய்ந்துகொண்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'ஏம்மா', 'இங்க பாரு', 'உன்னத்தான்' இவ்வளவுதான். அவருக்குக் கூச்சம்.

"நிஜமாவா?" என்றாள் கடைசியில், குரல் மாறிப்போய்.

"தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும் அக்கா."

டெய்லர் மாவு படிந்த முகத்தோடு எழுந்து உட்கார்ந்தார். மாவுக்குள்ளும் அவர் முகம் சிவந்தது தெரிந்தது. "அடுத்து என்ன பண்ணணும்னு சொல்லு" என்றார் அவசரமாக.

*

அடுத்துச் செய்யவேண்டியது, மின்சாரத்தைச் சுவர் ஸ்விட்சில் அணைப்பது, பிளக்கைப் பிடுங்குவது, எலெக்ட்ரோடைக் கழற்றிப் பார்ப்பது. இந்தத் தடவை டெய்லர் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கி, யாரும் செருகிவிடாதபடி பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு நாடாவை எடுத்து முடிச்சுப் போட்டுச் ஓவன் கதவின் கைப்பிடியில் கட்டிவைத்தார். பிறகு பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முதல் ஸ்க்ரூ வர மறுத்தது. "இடப்பக்கம் திருப்புங்க" என்றாள். "எந்த இடப்பக்கம்? எனக்கா, ஓவனுக்கா?" என்றார். அது தீர ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகு விரல்கள் வேலையைப் புரிந்துகொண்டன.

வெள்ளைப் பீங்கான் குழல் கையில் வந்தது. விரிசல் ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டரும் பார்த்தார், முதலாளியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள், ஒன்றும் இல்லை. டெய்லர் கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரல் நகத்தைக் குழலின் மேல் மெதுவாக இழுத்தார். தையல் பிரிந்த இடத்தைத் தேடும்போது அப்படித்தான் செய்வார். நகம் ஓரிடத்தில் மயிரிழை அளவு தட்டியது.

"இருக்கு. இடுப்பு ஓரமா, தலைமுடி மாதிரி ஒரு பிளவு."

"அதான்!" என்று போனில் கைதட்டும் சத்தம் கேட்டது. "அந்தப் பிளவு வழியாத்தான் பொறி நழுவி இரும்புக்கு ஓடிடுது. நுனிக்குப் போறதுக்குள்ள திருடன் தூக்கிட்டுப் போயிடறான். பையில சிவப்பு டப்பா இருக்கும், அதுல புதுசு ஒண்ணு இருக்கு."

புதியதை மாட்டினார். கம்பி நுனிக்கும் பர்னருக்கும் நடுவில் மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்றாள். அளக்கும் தகடு பையில் இருக்கும், தேடுங்கள் என்றாள். டெய்லர் தேடவில்லை. கழுத்திலிருந்த டேப்பின் நுனியை நீட்டி, ஒரு கண்ணை மூடி, "மூணரை" என்றார். பையிலிருந்த தகட்டையும் இடைவெளிக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்த்தார்கள். மூன்றரைதான். மாஸ்டர் அவரைப் புது மரியாதையோடு பார்த்தார்.

எல்லாவற்றையும் பூட்டினார். பிளக்கைச் செருகினார்கள். மாஸ்டர் கேஸ் வால்வைத் திறந்தார். ஜன்னல்கள் திறந்தே இருந்தன. மாஸ்டரைத் தவிர மற்றவர்கள் நான்கடி தள்ளி நின்றார்கள், டெய்லர் ஆறடி. பட்டனை மாஸ்டரே அமுக்கினார்.

டிக், டிக்… சுள்! சுள்! அப்படியே ஃபூ என்று ஒரு மூச்சு. பர்னர் முழுக்க நீலத் தீ ஓடிப் பரவியது. கூடம் 'ஓ' என்றது.

மூன்று வினாடி. நான்கு. ஐந்து.

டக். தீ அணைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

'ஓ' என்று திறந்த வாய்கள் அப்படியே நின்றன. பின்னால் மாவுத் தொட்டியின் மூடி மெதுவாக மேலே எழும்பியது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பத்திச்சு, ஆனா அணைஞ்சுடுச்சா?" என்றாள் நெருப்பக்கா. "எத்தனை வினாடி? அஞ்சா? அப்போ தீயில தப்பில்ல. தீ எரியுதுங்கிற சேதி பெட்டிக்குப் போய்ச் சேரல. பெட்டிக்குச் சேதி போகலன்னா எரியலன்னு நினைச்சு கேஸை நிறுத்திடும். அது நல்ல குணம்தான், நம்மளைக் காப்பாத்தத்தான் செய்யுது. என்னங்க, எலெக்ட்ரோடு பக்கத்துல ஒரு பச்சை வயரு இருந்துச்சே, அதைத் திரும்பி மாட்டினீங்களா?"

"மாட்டினேனே" என்றார் டெய்லர், சட்டென்று.

"நல்லா இறுக்கினீங்களா?"

"இறுக்கினேன்."

"கழட்டின ஸ்க்ரூ எல்லாம் போட்டாச்சா? கையில ஒண்ணும் மிச்சம் இல்லையே?"

"இல்லையே" என்றார். அவர் வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிஸ்கட் பெண்ணும் பார்த்தாள். முதலாளியம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தாள். டெய்லரின் நெற்றியில் மாவுக்கு மேல் ஒரு வியர்வைத் துளி கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

"அக்கா" என்றார் மாஸ்டர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "நான் கோள் சொல்றவன் இல்ல. ஆனா மாவு பொங்குது. இவரு பாக்கெட்ல ஏதோ வச்சிருக்காரு."

"என்னங்க!"

டெய்லர் கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் பளபளவென்று ஒரு ஸ்க்ரூ.

"பூட்டி முடிச்சதும் இது மிச்சம் இருந்துச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. கேட்டா நீ திட்டுவேன்னு…"

"சட்டை தச்சு முடிச்சு ஒரு பட்டன் மிச்சம் இருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"சட்டையை மறுபடி பார்ப்பேன்."

"அப்புறம்?"

"எந்தக் காஜா சும்மா இருக்குன்னு…" என்று சொல்லிக்கொண்டே அவர் மறுபடி பிளக்கைப் பிடுங்கி, மாஸ்டர் கேஸை மூடும் வரை காத்திருந்து, ஓவனுக்குள் தலையைக் கொடுத்துவிட்டார். பச்சை வயரின் வளையம் அதன் இடத்தில் சும்மா சாய்ந்து கிடந்தது. சாய்ந்து கிடந்ததை மாட்டியதாக நினைத்திருந்தார். வளையம் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொன்னாள். தேய்த்தார். ஸ்க்ரூவைப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

"மாஸ்டர், நீங்களும் ஒருதரம் இழுத்துப் பாருங்க. அவரை நான் இன்னைக்கு நம்ப மாட்டேன்."

மாஸ்டர் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

பிளக்கைச் செருகினார்கள், வால்வு திறந்தது. மாஸ்டர் பட்டனை நோக்கிக் கையை நீட்டினார். பிறகு நிறுத்திக்கொண்டு டெய்லரைப் பார்த்தார்.

"நீங்களே அமுக்குங்க சார்."

சார் என்று அவரை அதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. டெய்லர் ஆறடியிலிருந்து ஓரடிக்கு வந்தார். முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மூடவில்லை. அமுக்கினார்.

சுள். ஃபூ.

"எண்ணுங்க" என்றாள் நெருப்பக்கா.

எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் குரல்கள் இறங்கின. ஐந்தில் யாருமே எண்ணவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஆறு. ஏழு! எட்டு! பத்து என்று கூடம் அதிரக் கத்தினார்கள். தீ நின்று எரிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. மாஸ்டர் டெய்லரை இடுப்பில் பிடித்துத் தூக்கிவிட்டார். டேப் பறந்து மாவுத் தொட்டியில் விழுந்தது. பிஸ்கட் பெண் கான்வாஸ் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சுழன்று சுழன்று ஆடினாள். முதலாளியம்மா, தன் வயதையும் முட்டிவலியையும் மறந்து, இரண்டு தட்டுகளைத் தாளம்போலத் தட்டிக்கொண்டு ஓவனைச் சுற்றி வந்தாள். போனில் நெருப்பக்கா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருவருக்கும் கேட்கவில்லை.

அவள் சொன்னது இதுதான்: "இன்னும் ரெண்டு அடுக்கு இருக்கு. அதையும் பத்தவச்சுப் பாருங்கடா!"

பார்த்தார்கள். அவை ஒரே அமுக்கில் பற்றிக்கொண்டன.

*

அறுநூறு பன்னும் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. காலையிலிருந்து அத்தனை குத்து வாங்கிய மாவு என்பதால் பன் எப்படி வருமோ என்று மாஸ்டர் பயந்துகொண்டிருந்தார். பஞ்சாக வந்தது. இனிமேல் எப்போதுமே ஏழு தடவை குத்தப்போவதாகச் சொன்னார்.

டெய்லர் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தார். தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை. பக்கத்து இருக்கைக்காரர், "பெயின்ட் வேலையா?" என்று கேட்டது தப்பாகப் போயிற்று. டெய்லர் தான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போகும் வரைக்கும், பீங்கானில் பிளவு விட்டால் பொறி எப்படித் திசைமாறி ஓடும் என்பதை அந்த மனிதர் கேட்டுக்கொண்டே போகவேண்டியதாயிற்று.

வீட்டில் நுழைந்ததும் ஒரு பொட்டலம் சூடான பன்னைக் கட்டிலில் வைத்தார். உட்காரவில்லை. அறைக்கு நடுவில் நின்றுகொண்டு முழுக்கதையையும் ஆரம்பத்திலிருந்து சொன்னார். கூடாரம் எப்படிக் கட்டினார், நீலம் எப்படித் துள்ளியது, மாஸ்டர் எப்படி விழுந்தார். எல்லாவற்றையும் அவள் போனில் கேட்டவள்தான். ஆனாலும் வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். மாஸ்டர் விழுந்ததை அவர் நடித்துக் காட்டியபோது சிரித்துச் சிரித்து, கட்டுப் போட்ட கால் கட்டிலில் டொக் டொக்கென்று இடித்தது.

"மெதுவா, மெதுவா. இன்னொரு கால் ஒடிஞ்சுடப் போகுது."

"ஸ்க்ரூ கதையை விட்டுட்டீங்களே?"

"எந்த ஸ்க்ரூ?"

அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தார். இருவராலும் நிறுத்த முடியவில்லை. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் முகத்தைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தது.

"சரி, கூப்பிடுங்க பார்க்கலாம்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்ன?"

"என் பேரை."

டெய்லர் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஒரு பன்னை எடுத்து வாயில் முழுசாகத் திணித்துக்கொண்டார். அந்த நேரத்தில் போன் அடித்துக் காப்பாற்றியது.

அவள் எடுத்தாள். "ஹலோ… விடுதிச் சமையல்கூடமா? ஓவனா? சத்தம் வருதா?"

அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் டெய்லர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கன்னம் இரண்டும் பன்னால் உப்பியிருந்தன.

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டாள். "உட்காருங்க. அங்க கேஸ் வாடை அடிக்குதாம். வால்வை மூடிட்டு எல்லாரையும் வெளிய வரச் சொல்றேன், கேஸ் கம்பெனி ஆளுங்க போய்ப் பார்க்கட்டும். உங்க வேலை இல்ல."

டெய்லரின் தோள் தொங்கியது. பன்னைக் கஷ்டப்பட்டு விழுங்கினார். "ஒருவேளை பொறியில கோளாறுன்னா?"

"பொறியில கோளாறுன்னா சொல்றேன்."

"நிச்சயமா?"

"சொல்றேன்னு சொன்னேன்ல. முதல்ல போய் முகத்தைக் கழுவுங்க."

அவர் ஒற்றைச் செருப்போடு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். அவள் போனைக் காதில் வைத்து, மறுமுனையில் இருந்தவரிடம், முதலில் வால்வின் கைப்பிடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லச் சொன்னாள்.